செலரான் என்4000, கோர் ஐ3-5005யூ: பழைய மடிக்கணினியில் எது மேல்?

காரைக்குடியில் பழைய மடிக்கணினி விற்கும் கடையில், இன்டெலின் செலரான் என்4000, கோர் ஐ3-5005யூ ஆகிய பிராசசர்கள் (கணினியின் மூளையான சில்லுகள்) கொண்ட மடிக்கணினிகள் ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைப்பதாகவும், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையின் கணக்கு வழக்குகளைப் பார்க்க எது பொருந்தும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஐ3-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். ஒரு நிபந்தனை உண்டு.

2015-இல் வந்த ஐ3-5005யூ, இரண்டு கோர்களில் (வேலை செய்யும் மையங்களில்) நான்கு திரெட்களை (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளை) 2 கிகாஹெர்ட்ஸில் இயக்குகிறது, தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டும் டர்போ இல்லை. 2017 இறுதியில் வந்த என்4000-க்கும் இரண்டு கோர்கள்தாம், ஆனால் இரண்டே திரெட்கள். அதன் அடிப்படை வேகமான 1.1 கிகாஹெர்ட்ஸ் தேவைப்படும்போது 2.6 வரை எழும் என்றாலும், விசிறியில்லாத மெல்லிய உடலுக்குள், அதுவும் நம் பக்கத்துச் சித்திரை வெயிலில், அந்த உச்சத்தில் அது நெடுநேரம் நிற்காது. ஆகவே கணக்கு மென்பொருளும் பிரவுசரும் பெரிய எக்ஸெல் கோப்பும் சேர்ந்து திறந்திருக்கும் வேளையில் ஐ3 தடுமாறுவது குறைவு.

மின்சாரத்தில் என்4000 தெளிவாக முந்துகிறது: அதன் வெப்ப வரம்பு (தொடர்ந்து உழைக்கும்போது செலவாகும் மின்சாரத்தை ஏறத்தாழக் காட்டும் அளவு) 6 வாட், ஐ3-க்கு 15 வாட். விபி9 என்ற முறையில் சுருக்கப்பட்ட காணொளிகளை வன்பொருளிலேயே முழுமையாக விரிப்பதும் அதற்குக் கூடுதல் பலம்.

இனி நிபந்தனை. விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் என்4000 உண்டு, ஐ3-5005யூ இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. லினக்ஸில் உங்கள் கணக்கு வேலை நடக்குமானால் ஐ3-ஐ வாங்கி, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்துங்கள். விண்டோஸ்தான் வேண்டுமென்றால் என்4000-ஐ எடுங்கள். ஆனால் பல மாடல்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், 4 ஜிபி மட்டும் உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள்.