கேம்பர் கழிப்பறை டேங்க் அடைப்பு: வால்வை மூடுங்கள், பெரியவரைக் கூப்பிடுங்கள்

மூன்று மாதமாக ஒரே ஆர்வி பார்க்கில் (வீடு மாதிரி வாழும் கேம்பர் வண்டிகளை நிறுத்தும் இடம்) குடியிருக்கிறீர்கள், கழிவு வெளியேறும் வால்வை எப்போதும் திறந்தே வைத்தும் பிளாக் டேங்க் (கழிப்பறைக் கழிவு சேரும் தொட்டி) நிறைந்ததாகவே மீட்டர் காட்டுகிறது, நாற்றமும் அடிக்கிறது என்கிறீர்கள். கோளாறே அந்தத் திறந்த வால்வுதான். தண்ணீர் உடனுக்குடன் ஓடிவிடும். கெட்டியானது மட்டும் கழிப்பறைக்கு நேர் கீழே புற்று மாதிரி குவிந்து காய்ந்துபோகும்.

முதலில் வால்வை மூடுங்கள். கழிப்பறை வழியாக முக்கால் டேங்க் தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, ஒரே இழுப்பில் திறந்துவிடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். இனிமேல் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகே திறப்பது, அதன் பின்னால் குளியல், பாத்திரத் தண்ணீர் டேங்கைத் திறப்பது. சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். அப்புறமும் மீட்டர் நிறைந்ததாகக் காட்டினால், சென்சாரில் காகிதம் ஒட்டியிருக்கும், கவலை வேண்டாம்.

பக்கத்து வண்டிப் பெரியவர் உதவ வருகிறேன் என்றால் கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். இங்கே எல்லாருக்கும் இதே பாடுதான். என் முதல் குளிர்காலத்தில், "இன்றைக்கு உறைபனி, தண்ணீர் ஹோஸைக் கழற்று" என்று இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினார் ஒருவர். அவருக்கு இடுப்பு வலி. 20 பவுண்டு புரொப்பேன் கேஸ் பிடிக்கும் சிலிண்டரை நிரப்பினால், அதன் சொந்த எடையும் சேர்ந்து 37 பவுண்டு கனக்கும். அதை நிரப்பிக்கொண்டு வருவது என் வேலையாயிற்று. பணம் கொடுத்தால் கோபித்துக்கொள்வார்.

ஒன்று, டேங்க் கழுவும் ஹோஸைக் குடிதண்ணீர்க் குழாயோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.