60 சதவீத அடைப்பு என்றால் ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. மாடிப்படி ஏறினால் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது, கொஞ்சம் நின்றால் சரியாகிவிடுகிறது. மூட்டு வலியால் டிரெட்மில் டெஸ்ட்டை முடிக்க முடியவில்லை. சி.டி. ஆஞ்சியோ எடுத்ததில் இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் 60 சதவீத அடைப்பு என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் 'ஸ்ட்ரெஸ் சி.டி.' எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறார். அதான் ஒரு சி.டி. எடுத்தாகிவிட்டதே, இன்னொன்று எதற்கு? மூட்டு வலிக்காரரை மெஷினுக்குள் எப்படி ஓட வைப்பார்கள்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஓட வைக்க மாட்டார்கள், கவலை வேண்டாம். அப்பா படுத்தே இருப்பார். ஓடும்போது இதயத்தின் ரத்தக்குழாய்கள் விரியும் அல்லவா, அந்த வேலையை அடினோசின் என்ற மருந்து செய்துவிடும். அதனால்தான் மூட்டு வலி உள்ளவர்களுக்கு இந்த டெஸ்ட் பெரிய உதவி.

முதல் சி.டி. காட்டியது குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை மட்டும்தான். அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசைக்கு ரத்தம் போதுமான அளவு போகிறதா என்பதை அது சொல்லவில்லை. இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் தஞ்சாவூர்க்காரர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: வாய்க்கால் ஓர் இடத்தில் மண்மேடிட்டிருந்தாலும் தேவை குறைவாக இருக்கும்போது எல்லா வயலுக்கும் தண்ணீர் போய்விடும், நடவு நேரத்தில் எல்லாரும் ஒன்றாகப் பாய்ச்சும்போதுதான் கடைமடை காயும். இதயத்துக்கும் ஒரு கடைமடை உண்டு. தசையின் உட்புற அடுக்கு அது, ரத்தம் குறைந்தால் முதலில் வாடுவது அதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 80 சதவீதத்துக்கு மேல் சுருங்கிய குழாயில்கூட ரத்த ஓட்டம் ஏறக்குறைய வழக்கம்போல இருக்கலாம், ஏனென்றால் அடைப்புக்குக் கீழே உள்ள சின்னக் குழாய்கள் முன்கூட்டியே விரிந்து ஈடுகட்டிக்கொள்கின்றன. தேவை மூன்று நான்கு மடங்காகும்போது அவற்றால் மேற்கொண்டு விரிய முடியாது. அப்பாவுக்கு மாடிப்படியில் மட்டும் இறுக்கம் வருவது இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஸ்கேன் அறையில் நடப்பதைச் சொல்கிறேன், அப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள், தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும். இரண்டு கையிலும் ஊசி குத்துவார்கள், ஒன்றில் அடினோசின், மற்றதில் ரத்தம் படத்தில் தெரிவதற்கான காண்ட்ராஸ்ட் மருந்து. அடினோசின் ஏற ஆரம்பித்து ஒரு நிமிடத்துக்குள் முகம் சூடாகும், மூச்சு வாங்குவது போல இருக்கும், சிலருக்கு நெஞ்சில் பாரம் வைத்தது போலவும் இருக்கும். மூன்று நான்கு நிமிடம் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். காண்ட்ராஸ்ட் போகும்போது உடம்பு முழுக்க ஓர் அனல் ஓடி, சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும், போயிருக்காது. மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். அடினோசின் ரத்தத்தில் பத்து விநாடிகூட நிற்காத மருந்து, மருந்து ஏறுவதை நிறுத்தியதுமே அந்தத் தவிப்பு போய்விடும். பக்கத்தில் டாக்டர் இருப்பார், இ.சி.ஜி. ஓடிக்கொண்டே இருக்கும்.

படத்தில், ரத்தம் நன்றாகப் போகும் தசை வெளிச்சமாகவும் பட்டினி கிடக்கும் தசை கறுத்தும் தெரியும். மருந்து கொடுத்தபோது கறுத்து, ஓய்வில் எடுத்த படத்தில் வெளுத்துவிட்டால் ரத்த ஓட்டக் குறைவு. இரண்டிலும் கறுப்பாகவே இருந்தால் அது பழைய மாரடைப்பின் தழும்பாக இருக்கலாம்.

சரி, இதனால் என்ன பயன்? குழாய்க்குள் கம்பி விட்டு அழுத்தத்தை அளந்து பார்த்த 'ஃபேம்' ஆய்வில், 50 முதல் 70 சதவீதம் என்று கண்ணால் மதிப்பிட்ட அடைப்புகளில் 100-க்கு 35 மட்டுமே உண்மையில் ரத்த ஓட்டத்தைக் குறைத்திருந்தன. அப்பாவின் 60 சதவீதம் சரியாக இந்த இடத்தில்தான் வருகிறது. அதனால் எனக்கு இரண்டாவது டாக்டர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. எட்டு நாடுகளில் 381 பேரை வைத்து நடந்த 'கோர்320' ஆய்வில், சி.டி. ஆஞ்சியோவையும் ஸ்ட்ரெஸ் சி.டி.யையும் சேர்த்துப் பார்த்தால் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் அடைப்பு உள்ளவர்களை நன்றாகவே கண்டுபிடிக்க முடிந்தது. எல்லா ஸ்கேன் சென்டரிலும் இது கிடைக்காது. உங்கள் ஊரில் இல்லையென்றால் அதே கேள்விக்கு நியூக்ளியர் ஸ்கேனோ ஸ்ட்ரெஸ் எக்கோவோ பதில் சொல்லும், இதற்காகவே சென்னைக்கு ஓட வேண்டாம்.

போகுமுன் கவனிக்க வேண்டியது காபி. முந்தைய நாளிலிருந்தே, 24 மணி நேரம் காபி, டீ, கோலா, சாக்லேட் எதுவும் கூடாது, 'அரை டம்ளர்தானே' என்பதும் கூடாது, காஃபின் அடினோசினின் வேலையைத் தடுத்துவிடும். குறை இருந்தும் படம் நன்றாக இருப்பதாகக் காட்டிவிட்டால் யாருக்கு நஷ்டம்? தவறிக் குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். கிட்னியின் நிலையைச் சொல்லும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். காண்ட்ராஸ்ட் இரண்டாம் முறை ஏறுகிறது, கிட்னி சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். கதிர்வீச்சும் கூடும். அதனால் தேவை இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது, செக்கப் என்று யாரும் போய் எடுக்கக் கூடாது.

ஒன்றே ஒன்று. உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, வலி நிற்காமல் இருந்தாலோ ஸ்கேனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா. தினம் டெரிஃபிலின் மாத்திரை போடுகிறேன். இந்த டெஸ்ட் எடுக்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: முதலில் டாக்டரிடம் ஆஸ்துமா என்று சொல்லுங்கள். அடினோசின் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடும், வீசிங் இருக்கும்போது கொடுக்கவே மாட்டார்கள். அப்புறம், டெரிஃபிலினில் உள்ள தியோஃபிலின், காபியைப் போலவே அடினோசினைத் தடுக்கும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும் டோபுட்டமின் என்ற மருந்தைக் கொடுத்து எடுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ போன்ற வேறு வழி இருக்கிறது.

கேள்வி: ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டில் ரத்த ஓட்டக் குறைவு இருப்பது உறுதியாகிவிட்டது. உடனே ஸ்டென்ட் வைக்காவிட்டால் மாரடைப்பு வந்துவிடுமா?
- வாசகர், நெல்லை

பதில்: 2020-ல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வு உங்களைப் போன்ற 5,179 பேரை வைத்து நடந்தது. வலி திடீரென்று கூடாமல் நிலையாக இருப்பவர்களில், சீக்கிரமே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்துகொண்டவர்களையும் முதலில் மாத்திரையோடு இருந்தவர்களையும் ஒப்பிட்டால் மொத்தத்தில் மாரடைப்போ மரணமோ குறையவில்லை. அடிக்கடி நெஞ்சுவலி வந்தவர்களுக்கு ஸ்டென்டால் வலி நன்றாகக் குறைந்தது. இதயத்தின் இடதுபக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது முதன்மைக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை, உங்களுக்கு அது இல்லை என்று ஆஞ்சியோவில் உறுதியாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அந்த அடைப்பு இல்லை என்று உறுதியானால் யோசிக்க அவகாசம் இருக்கிறது, ஆனால் ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் ஒரு நாள்கூட விடாதீர்கள்.