ஐஸ் பார் முதல் சம்ப் தண்ணீர் வரை: கம்ப்யூட்டர் சூட்டைத் தணிக்க நீங்கள் கேட்டவை

கத்திரி வெயில் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி கம்ப்யூட்டர் சூட்டைப் பற்றித்தான். ஃபேன் மாற்றுவது, பேஸ்ட் போடுவது எல்லாம் பலமுறை எழுதிவிட்டேன், அதனால் இந்த முறை வழக்கத்துக்கு மாறான யோசனைகளாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். பதிலுக்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் எடுக்கும் கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். கேம் ஓடும்போது உங்கள் மெஷின் 300 வாட் எடுத்தால் அது ஒரு 300 வாட் ஹீட்டர். கீழே உள்ள கணக்கெல்லாம் அந்த 300 வாட்டை வைத்துத்தான்.

கடலூர் ஓ.டி.: அண்ணா, எங்க வீடு துறைமுகத்துக்குப் பக்கம். மீனுக்குப் போடுற ஐஸ் பார் சுலபமா கிடைக்கும். ஐஸ் பெட்டிக்குள்ள குழாயைச் சுற்றி வாட்டர் கூலிங் தண்ணியை அது வழியா விடலாமா?

விடலாம், நிச்சயமாகக் குளிரும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் சூடு வேண்டும், 300 வாட் மெஷின் அதைச் சுமார் 18 நிமிடத்தில் கொடுத்துவிடும். அதாவது மணிக்கு மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 50 கிலோ பார் ஒன்று வாங்கினால் 15 மணி நேரம் தாங்கும் என்று கணக்கு சொல்லும், பெட்டிக்கு வெளியிலிருந்து ஏறும் சூட்டைக் கழித்தால் அதற்கும் குறைவு.

ஆனால் தம்பி, ஐஸ் தீர்ந்து போவது இங்கே பெரிய பிரச்சனை இல்லை, வியர்ப்பதுதான் பிரச்சனை. காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வையுங்கள், நம் கடலோரத்தில் அது சாதாரண நாள். அந்தக் காற்றின் பனிநிலை 27 டிகிரி. 27க்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் தண்ணீர் கோர்த்துக்கொள்ளும், ஜில் சோடா பாட்டிலில் வெளியே துளிர்ப்பது போல. உங்கள் குழாயில் 5 டிகிரி தண்ணீர் ஓடினால் குழாய், சிபியு சிப் மேல் உட்கார்ந்து தண்ணீருக்குச் சூட்டைக் கொடுக்கும் பிளாக், மதர்போர்டின் பின்பக்கம் எல்லாம் சொட்டும். காற்றில் உப்பும் இருப்பதால் அந்த ஈரம் காய்ந்த பிறகும் பச்சை பிடித்து அரிக்கும்.

ஒருநாள் ஆசைக்குச் செய்து பார்க்க வேண்டும் என்றால் ஏசி காப்பர் பைப்புக்குச் சுற்றும் கறுப்பு நுரைக் குழாயை எல்லா இடத்திலும் இடைவெளி இல்லாமல் சுற்றுங்கள், சிபியு சிப் உட்காரும் சாக்கெட்டைச் சுற்றி வாசலின் தடவுங்கள். தினசரி பயன்பாட்டுக்கு வேண்டாம்.

வீராம்பட்டினம்: மைக்ரோசாப்ட் கடலுக்கடியில் சர்வர் வைத்ததே, நாம் கடல் தண்ணீரைப் பயன்படுத்தினால் என்ன?

அவர்கள் 2018ல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளுக்குப் பக்கத்தில் 864 சர்வர்களை ஒரு உருளைக்குள் வைத்து இறக்கி, 2020ல் வெளியே எடுத்தார்கள். அது குளிர்ந்த கடல், உருளைக்குள் இருந்தது நைட்ரஜன், ஈரக்காற்று இல்லை. நம் வங்கக்கடலின் மேல்தண்ணீர் வருஷத்தில் பெரும்பாலும் 28, 29 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதே சூட்டில் நல்ல தண்ணீர் உங்கள் வீட்டு சம்பிலேயே இருக்கும்போது உப்புத் தண்ணீரைக் காப்பருக்குள் விட்டு ஏன் அரிக்க வைக்க வேண்டும்?

லாஸ்பேட்டை: அப்படியானால் சம்ப் தண்ணீரையே பயன்படுத்த முடியுமா சார்? 3000 லிட்டர் சம்ப், கீழ் வீடு.

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏனென்றால் நம் ஊருக்குப் பொருந்தும் யோசனை இதுதான் என்று நான் நம்புகிறேன். 3000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற உங்கள் 300 வாட் மெஷின் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அதற்குள் வீட்டில் குளித்து, துவைத்து, மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீர் வந்துவிடும். நிலத்தடியில் இருப்பதால் சம்ப் தண்ணீர் 28, 29 டிகிரியிலேயே நிற்கும், மேலே சொன்ன பனிநிலையை விட ஒரு முடி கூடுதல், அதனால் பெரும்பாலான நாட்களில் வியர்க்காது. மே மாதம் மத்தியானம் அறை 36 டிகிரியில் இருக்கும்போது அறைக் காற்றால் குளிரும் சாதாரண ரேடியேட்டரால் 36க்குக் கீழே இறங்கவே முடியாது, இதில் முடியும். மொட்டை மாடி டேங்க் வேண்டாம், வெயிலில் அதுவே கொதித்துக் கிடக்கும்.

செய்முறை இதுதான். ஏசி மெக்கானிக் பயன்படுத்தும் முக்கால் விரல் கனக் காப்பர் குழாய் 10 மீட்டர் வாங்கிச் சுருளாக்கி சம்புக்குள் தொங்கவிடுங்கள். அதன் இரண்டு முனையிலிருந்தும் ரப்பர் குழாய் வழியாக பம்ப், சிபியு பிளாக் என்று மூடிய சுற்று. சம்ப் தண்ணீர் நேராக பிளாக்குக்குள் போகக் கூடாது, நம் போர் தண்ணீரின் உப்பு ஒரே மாதத்தில் அந்த மெல்லிய இடுக்கை அடைத்துவிடும். சுற்றுக்குள் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். கலர் போட்ட கூலன்ட் ஊற்ற வேண்டாம், குழாய் ஓட்டையானால் அது நீங்கள் புழங்கும் தண்ணீரில் கலக்கும். குடிக்கிற தண்ணீர் சம்ப் என்றால் இந்த வேலையே வேண்டாம். சம்புக்குள் மோட்டார் இருந்தால் முதலில் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் பாருங்கள். சுற்றில் அலுமினியம் பாகம் ஒன்றும் சேரக் கூடாது, காப்பரோடு சேர்ந்தால் அலுமினியம் கரையும்.

முத்தியால்பேட்டை: பழைய ஃபிரிட்ஜுக்குள்ளேயே சிபியு பெட்டியை வைத்துவிட்டால்?

வேண்டாம். வீட்டு ஃபிரிட்ஜ் ஒருமுறை உள்ளே வைத்த பொருளை மெல்லக் குளிர்விக்கச் செய்தது, அதன் கம்ப்ரசர் எடுப்பதே 100 வாட் அளவுதான். 300 வாட்டை விடாமல் உள்ளே கொட்டினால் அது நிற்காமல் ஓடி ஓடித் தோற்கும், ஃபிரிட்ஜ் அலமாரி அடுப்பாகிவிடும்.

பண்ருட்டி: எண்ணெயில் மூழ்க வைக்கும் வீடியோ பார்த்தேன். செக்குக் கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதுமா?

எண்ணெய் கரண்டைக் கடத்தாது என்பது சரி. திரவத்தில் மூழ்கடிப்பதும் புதிதில்லை, 1985ல் வந்த க்ரே 2 சூப்பர் கம்ப்யூட்டரின் சர்க்யூட்கள் ஃப்ளோரினெர்ட் என்ற திரவத்தில்தான் மூழ்கியிருந்தன. ஆனால் சமையல் எண்ணெய் சூட்டில் சிக்கு வாடை எடுத்து, பிசின் மாதிரி கெட்டியாகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உறையும், மார்கழிக் காலையில் உங்கள் ஃபேன் அப்படியே அதற்குள் மாட்டிக்கொள்ளும். மினரல் ஆயில்தான் சரி, அதிலும் எண்ணெய் ஒயரைப் பிடித்து ஏறி மேஜை வரை வரும், பிவிசி ஒயர்கள் விறைத்துப் போகும், காற்றுத் துளை உள்ள ஹார்ட் டிஸ்க்கை உள்ளே போடவே முடியாது. அப்புறம், எங்காவது கழித்துப் போட்ட பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலை மட்டும் தொடாதீர்கள், பழைய டிரான்ஸ்ஃபார்மர்களில் பிசிபி என்ற நச்சு இருக்க வாய்ப்பு உண்டு.

நெல்லிக்குப்பம்: மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல ஆவியாக்கிக் குளிர்விக்க முடியாதா?

முடியும், நெய்வேலி அனல் மின் நிலையத்தின் பெரிய கூலிங் டவர்கள் செய்வது அதைத்தான். செங்குத்தான பிவிசி பைப், மேலிருந்து ஷவர், கீழிருந்து ஃபேன் காற்று, அவ்வளவுதான் கருவி. மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் ஆவியானால் 300 வாட்டும் போய்விடும். எவ்வளவு குளிரும் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். மே மாதம் காலையில் மேல்காற்று அனலாக அடிக்கும்போது, 39 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்றால், தண்ணீர் 27ஐ ஒட்டி இறங்கும். மத்தியானம் கடல் காற்று உள்ளே வந்து 33 டிகிரி, 75 சதவீதம் ஆனதும் 29தான். கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற உங்களுக்குப் பரவாயில்லை. ஆனால் இதை வெளியே வையுங்கள், அறைக்குள் வைத்தால் அறையே புழுங்கும்.

அரியாங்குப்பம்: பெல்டியர் சில்லு ஒன்று வாங்கியிருக்கிறேன், 12706. சிபியு மேல் நேராக ஒட்டலாமா?

நானும் ஒட்டினேன். கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கச் சூட்டை மறுபக்கத்துக்குக் கடத்தும் சில்லு அது. இரண்டு பக்கமும் ஒரே சூட்டில் இருக்கும்போதுதான் 50, 60 வாட் கடத்தும், வித்தியாசம் கூடக் கூட அது குறையும், அதற்கு அது எடுக்கும் கரண்டும் சேர்ந்து சூடான பக்கத்தில் வரும். சும்மா இருக்கும் சிபியுவைப் பனிநிலைக்குக் கீழே கொண்டு போகும், வேலை செய்யும் சிபியுவின் சூட்டை ஹீட்சிங்க்குக்குப் போய்ச் சேர விடாமல் தடுக்கும். எனக்கு மூன்றாவது வாரம் சாக்கெட் பின்களில் பச்சை ஏறி போர்டு போயிற்று. சின்ன பெட்டி குளிர்விக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கடலூர் முதுநகர்: திரவ நைட்ரஜன்?

மைனஸ் 196 டிகிரி. சிப்பின் வேகத்தில் சாதனை செய்ய இந்த மாதிரித் திரவங்களை ஊற்றுகிறார்கள், 2011ல் ஒரு ஏஎம்டி எஃப்எக்ஸ் சிப்பைத் திரவ ஹீலியம் ஊற்றி 8.429 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டு போனார்கள், அது சில நிமிட விளையாட்டு. ஒரு லிட்டர் நைட்ரஜன் ஆவியானால் 700 லிட்டருக்குப் பக்கமாக வாயு ஆகும், மூடிய அறையில் வாசனையே இல்லாமல் மூச்சை நிறுத்திவிடும். வீட்டில் கூடவே கூடாது.

கோரிமேடு: காசு செலவில்லாமல் ஏதாவது சொல்லுங்கள் சார், மாணவன் நான்.

சூட்டை வெளியேற்றுவதை விட உண்டாக்காமல் இருப்பது சுலபம் தம்பி. சிப் எடுக்கும் வாட் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு கூடும், 1.30ஐ 1.20 ஆக்கினால் அதே வேகத்தில் சுமார் 15 சதவீதம் மிச்சம். உங்கள் போர்டு அனுமதித்தால் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் செட்டிங்ஸ்) சிபியு வோல்ட்டேஜை ஒரு தடவைக்கு 0.02 வோல்ட் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் கனமான வேலை கொடுத்துப் பாருங்கள், நீலத்திரை வந்தால் ஒரு படி மேலே ஏற்றி அங்கேயே விட்டுவிடுங்கள்.