ஆராய்ச்சிக்குப் பணம் கேட்பது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

(பதில் சொல்பவர், சென்னைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் பேராசிரியராகவும் பிறகு ஆராய்ச்சிப் பிரிவின் பொறுப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்.)

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஒருங்கிணைப்பாளராக என்னைப் போட்டிருக்கிறார்கள். நிதி அறிவிப்புகளை அன்றன்றே ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறேன். கைகூப்பும் படம்தான் பதிலாக வருகிறது, ஒருவரும் விண்ணப்பிப்பதில்லை. என்ன செய்யலாம் மேடம்?
– ஒருங்கிணைப்பாளர், கிண்டி

குழுவில் போடுவதை நிறுத்திவிடுங்கள் தம்பி. எல்லோருக்கும் போகும் அறிவிப்பை ஒவ்வொருவரும் வேறு யாருக்கோ வந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு துறை துறையாகப் போய் உட்காருங்கள். எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டாம். "பணம் வந்துவிட்டது என்று வையுங்கள், அடுத்த மூன்று வருடம் எதைக் கண்டுபிடிக்கப் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். பிஎச்.டி. முடித்த நாளிலிருந்து அவர்களிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு, விடைத்தாள், தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்பு என்று ஓடுகிறவர்கள் அவர்கள். பொறுமையாக இருங்கள்.

கேள்வியை எழுதிக்கொண்டபின் அதே பக்கத்தில் அவர் பிறந்த தேதி, நிரந்தரப் பணியில் சேர்ந்த தேதி, வேலையில் இடைவெளி விழுந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதித் திட்டங்களின் கதவு இந்த மூன்றில்தான் திறக்கிறது. மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான ஏஎன்ஆர்எஃப் நடத்தும் பிரதமர் இளம் ஆய்வாளர் மானியம் பணியில் சேர்ந்த ஆரம்ப வருடங்களில் இருப்பவர்களுக்கானது. அந்தக் காலம் தாண்டிவிட்டால் மறுபடி கேட்க முடியாது. குழந்தை பிறந்ததால், குடும்பக் காரணங்களால் ஆராய்ச்சியை விட்ட பெண்களுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டங்கள் இருக்கின்றன. இந்தத் தேதிகள் உங்கள் நோட்டில் இருந்தால், ஒரு அறிவிப்பு வந்தவுடன் இது யாருக்கு என்று உங்களுக்கே தெரியும். அவருக்கு மட்டும் போன் செய்வீர்கள். போனில் கூப்பிட்டுச் சொன்னால் மனிதர்கள் அசைவார்கள்.

அடுத்தது, கேள்வியைக் கூர்மையாக்கும் வேலை. என்னிடம் வந்த வரைவுகளில் பெரும்பாலானவை "சென்னை நீர்நிலைகளின் மாசுபாடு: ஒரு விரிவான ஆய்வு" என்ற மாதிரிதான் இருக்கும். இதைப் படிக்கும் நிபுணருக்கு முதல் வரியிலேயே சலிப்பு தட்டிவிடும். எந்த நீர்நிலை, எந்த மாசு, எதில் பார்க்கப்போகிறீர்கள் என்று நான் விடாமல் கேட்பேன். கடைசியில் அது "எண்ணூர் கழிமுகத்தில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் மட்டிச் சதையில் காட்மியமும் ஈயமும் எவ்வளவு மாறுகின்றன?" என்று வந்து நிற்கும். இப்போது இடம் தெரிகிறது, காலம் தெரிகிறது, அளக்க வேண்டியதும் தெரிகிறது. பட்ஜெட்டைக்கூட இந்த ஒரு வாக்கியத்திலிருந்தே போட்டுவிடலாம்.

இதில் சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அரசுக் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, நம் மழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஒப்புதல் கடிதம் வந்து, ஆள் எடுத்து, பொருள் வாங்கி முடிப்பதற்குள் முதல் மழைக்காலம் கைவிட்டுப் போயிருக்கும். மூன்று வருடத் திட்டத்தில் இரண்டு மழைதான் நிச்சயம் என்று வைத்து வேலைத் திட்டம் போடச் சொல்லுங்கள். மாதிரி எடுக்கும் மாதம் நம் வானிலையோடு பொருந்தியிருந்தால், இவர் களத்துக்குப் போய் வந்தவர் என்று நிபுணர் கண்டுகொள்வார்.

வரைவு தயாரானதும் இரண்டு பேரைப் படிக்க வையுங்கள். ஒருவர் அதே துறைக்காரர், இன்னொருவர் முற்றிலும் வேறு துறை. வேறு துறைக்காரர் எந்த இடத்தில் நின்று திரும்பப் படிக்கிறாரோ, அந்த இடத்தைத்தான் மாற்றி எழுத வேண்டும்.

அப்புறம் காகிதங்கள். இந்தச் சுமை ஆசிரியரின் தலையில் விழக்கூடாது, உங்கள் பிரிவுதான் அதைத் தூக்க வேண்டும். நிறுவனத்தின் பான் எண், பதிவுச் சான்று, வங்கி விவரம், கடைசி ஆண்டுகளின் தணிக்கை அறிக்கை, தரச் சான்றுகள் எல்லாம் ஒரே ஃபைலில் தயாராக இருக்கட்டும். நிறுவனத் தலைவர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் கடிதம்தான் பலரைக் கவிழ்த்திருக்கிறது. கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஃபைலோடு போய் நின்றால், அன்றைக்கு அவர் ஊரில் இருக்க மாட்டார். மூன்று வாரம் முன்பே கையெழுத்து வாங்கிவிடுவது என்று உங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள். மனிதர்களை வைத்து ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அந்தக் குழு எப்போது கூடும் என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். உயிரி மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகள் உண்டு. அதன் தலைமையகம் நம் தரமணியிலேயே இருக்கிறது.

எத்தனை விண்ணப்பம் போயிற்று என்று மேலிடம் கேட்கும். தரவரிசைக்கு அந்த எண் வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனால் முதல் வருடம் நான்கு பேரோடு முழுமையாக உட்கார்ந்தீர்கள் என்றால் அதுவே பெரிய வேலை என்று துணைவேந்தரிடம் துணிந்து சொல்லுங்கள். நாற்பது அவசர விண்ணப்பங்கள் திரும்பி வந்தால் நாற்பது பேர் மனம் உடைந்துபோவார்கள். அவர்களை மறுபடி எழுத வைப்பது மிகக் கடினம்.

சுயநிதிக் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியை நான். எங்களைப் போன்றவர்கள் மத்திய அரசு நிதிக்கு விண்ணப்பிக்க முடியுமா? ஆராய்ச்சி நிதி தரும் மத்திய வாரியமான செர்ப்பின் தளமும் திறக்கவில்லை.
– அம்பத்தூர் வாசகி

முடியும் அம்மா. அறிவிப்பில் 'அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனத்தில் நிரந்தரப் பணி' என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நியமன ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தமாக இருந்தால் நிர்வாகத்திடம் முதலில் பேசுங்கள்.

செர்ப் இப்போது தனியாக இல்லை. 2008 சட்டத்தின்படி அமைந்த அந்த வாரியத்தின் இடத்தில், 2023 சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்துவிட்டது. ஏஎன்ஆர்எஃப் என்கிறோமே, அதுதான். அதன் தளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். செர்ப் காலத்தில் டேர் என்று ஒரு திட்டம் வந்தது. மாநிலப் பல்கலைக்கழகம், தனியார் கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் வேலையில் இருந்துகொண்டே, ஐஐடி போன்ற பெரிய நிறுவனத்தின் ஆய்வகத்தில் பகுதி நேரமாக ஆய்வு செய்ய உதவும் திட்டம் அது. அந்த வகை அறிவிப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள். அம்பத்தூரிலிருந்து கிண்டிக்கோ தரமணிக்கோ வாரம் ஒரு நாள் போய்வர முடியும் என்பது, சிறு ஊர் ஆசிரியர்களுக்கு இல்லாத வசதி.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் புராஜெக்ட்டுகளுக்குச் சிறு தொகை தருகிறது. உங்கள் இறுதியாண்டு மாணவிகளை வைத்து ஒன்று செய்யுங்கள். பெரிய விண்ணப்பத்தில் காட்ட முதல் தரவு அதிலிருந்து கிடைக்கும்.

ஒரு தொகை கொடுத்தால் புராஜெக்ட் எழுதி, சாங்ஷனும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– பெயர் வேண்டாம், தாம்பரம்

வேண்டவே வேண்டாம். ஒப்புதலை யாராலும் விற்க முடியாது. நிபுணர் குழு முன் போய் நின்று பதில் சொல்லப்போவது நீங்கள், அவர் இல்லை. வேறொருவர் எழுதிய தாளில் திருட்டு வரிகள் இருந்தால் கெடுவதும் உங்கள் பெயர்தான். மொழியைத் திருத்த ஒருவருக்குப் பணம் கொடுப்பது வேறு, அதில் தவறில்லை.

மெல்லிய படலங்கள் பற்றி மூன்று முறை விண்ணப்பித்துவிட்டேன், மூன்றும் திரும்பிவிட்டன. 'புதுமை போதாது', 'முறை தெளிவில்லை', 'பட்ஜெட் நியாயப்படுத்தப்படவில்லை' என்று ஒவ்வொரு முறை ஒன்று எழுதுகிறார்கள். இனி எழுத மனமில்லை.
– இயற்பியல் ஆசிரியர், குரோம்பேட்டை

உங்கள் வருத்தம் புரிகிறது. ஒரு மாலை அந்தத் தாள்களை மேசைமேல் பரப்பிக்கொண்டு, அந்த மூன்று வரிகளையும் நிதானமாகப் படியுங்கள். சரிசெய்யக் கூடியவைதான் மூன்றும்.

'புதுமை போதாது' என்றால் உங்கள் யோசனை பழையது என்று பெரும்பாலும் அர்த்தமில்லை. இதுவரை மற்றவர்கள் எதுவரை வந்திருக்கிறார்கள், எங்கே நின்றுவிட்டார்கள் என்பது முதல் பக்கத்தில் இல்லை என்று அர்த்தம். அறுபது கட்டுரைகளை மேற்கோள் காட்டிவிட்டு, அவற்றில் எது போதவில்லை என்று சொல்லாமல் விட்டிருப்பீர்கள். 'முறை தெளிவில்லை' என்றால் எத்தனை மாதிரி, எந்த வெப்பநிலை, எத்தனை முறை திரும்பச் செய்வீர்கள், முதல் வழி பலிக்காவிட்டால் அடுத்து என்ன என்பது வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்கு விடை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு, அதனாலேயே அதை எழுதியவர் தனியாகத் தெரிவார்.

பட்ஜெட்டில் கருவிதான் பெரிய தொகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். நகரத்திலேயே இருக்கும் கருவியைப் புதிதாகக் கேட்டால் யாருக்கும் தர மனம் வராது. ஐஐடி மெட்ராஸில் உள்ள சைஃப் என்ற பொதுக் கருவி மையத்தில் வெளியாட்களும் கட்டணம் கட்டி மாதிரிகளைச் சோதிக்கலாம். அரசுப் பணத்தில் வாங்கிய கருவிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை 2020இல் தொடங்கிய ஐ-ஸ்டெம் தளத்தில் தேடலாம். கருவி விலையை எடுத்துவிட்டு, சோதனைக் கட்டணத்தை மாதிரி எண்ணிக்கையால் பெருக்கிப் போடுங்கள். ஆள் சம்பளத்தையும் சரியாகப் போடுங்கள். இளநிலை ஆய்வு மாணவருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், அவர் முதுநிலை, அதாவது எஸ்ஆர்எஃப், ஆனால் 42,000. இரண்டு வருடம் ஜேஆர்எஃப், ஒரு வருடம் எஸ்ஆர்எஃப் என்றால் 13 லட்சத்து 92 ஆயிரம் ஆகிறது. வீட்டு வாடகைப் படி தனி. 30 லட்சத் திட்டத்தில் பாதிக்கு நெருக்கமாக ஒரு பிள்ளையின் உதவித்தொகைக்கே போகும், போகத்தான் வேண்டும். பழைய விகிதத்தில் போட்டுவிட்டு, நடுவில் அந்தப் பிள்ளைக்குப் பணம் கொடுக்க முடியாமல் நிற்பது கொடுமை.

நான்காவது முறை எழுதுங்கள். அனுப்புமுன் வேறு துறை நண்பர் ஒருவரிடம் முதல் பக்கத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

தமிழ்த்துறைக்கெல்லாம் யார் பணம் தருவார்கள்? ஆராய்ச்சி நிதி என்றாலே அறிவியல்காரர்களுக்குத்தானே?
– தமிழ்ப் பேராசிரியர், ராயப்பேட்டை

அப்படி நினைத்துக் கேட்காமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம் ஐயா. உங்கள் துறையின் மூலப்பொருள் உலகத்திலேயே இந்த ஊரில்தான் அதிகம் கொட்டிக்கிடக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், எழும்பூரில் ஆவணக் காப்பகமும் கன்னிமாராவும், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், கோட்டூர்புரத்தில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம். இவற்றுக்கெல்லாம் பேருந்திலேயே போய்வரலாம்.

பெரும்பாக்கத்தில் இருக்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் அறிவிப்புகளைத் தவறாமல் பாருங்கள். சமூக அறிவியல் ஆராய்ச்சிக்கான இந்தியக் கவுன்சில், ஐசிஎஸ்எஸ்ஆர், 1969லிருந்து இருக்கிறது. உங்கள் கேள்வி சமூகத்தைத் தொட்டால் அங்கே கேட்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குஜிலிப் பதிப்புகளின், அதாவது மலிவு விலைச் சிறு நூல்களின், நடை என்றால் அது இலக்கியம். அவற்றை யார் அச்சடித்தார்கள், என்ன விலைக்கு விற்றார்கள், யார் வாங்கிப் படித்தார்கள் என்றால் அது சமூக வரலாறு. வரலாற்று ஆராய்ச்சிக் கவுன்சிலும் அதைப் படிக்கும். அழியும் நிலையிலுள்ள ஓலைகளையும் அச்சுத் தாள்களையும் மின்படியாக்க, 2004இல் பிரிட்டிஷ் நூலகம் தொடங்கிய அருகிவரும் ஆவணங்கள் திட்டமும் உண்டு. மூலப் பிரதிகள் இங்கேயே இருக்கும், படங்கள் மட்டும்தான் போகும்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறதே என்ற தயக்கம் பலருக்கு உண்டு. முழுவதையும் முதலில் தமிழில் எழுதுங்கள். பிறகு ஆங்கிலத் துறை நண்பரோடு உட்கார்ந்து மாற்றுங்கள். நேராக ஆங்கிலத்தில் எழுதப்போய் யோசனையே சுருங்கிவிடுவதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டு நிதி நேராக எங்கள் கல்லூரிக் கணக்கில் வரலாமா?
– தனியார் கல்லூரி முதல்வர், பூந்தமல்லி

எடுத்த எடுப்பில் வராது. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பணம் முதலில் டெல்லி நாடாளுமன்றத் தெரு ஸ்டேட் வங்கிக் கிளையில் தொடங்கிய கணக்குக்குத்தான் வர வேண்டும். வாங்கிய தொகையை வேறொரு அமைப்புக்குப் பங்கிட்டுக் கொடுக்கவும் முடியாது. இரண்டு கல்லூரிகள் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள். விண்ணப்பம் எழுதுமுன் உங்கள் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

புராஜெக்ட் கிடைத்து ஒரு வருடம் ஆகிறது. இரண்டாம் தவணை வரவில்லை. யூசி, அதாவது பணத்தைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்று, அனுப்பவில்லை என்கிறார்கள். கணக்குப் பிரிவோ நாளை, நாளை மறுநாள் என்கிறது.
– ஆவடி வாசகர்

இது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. நான் வேலை பார்த்த இடத்திலேயே ஒரு ஆசிரியையின் ஜேஆர்எஃப் மாணவி, ஒரு பயன்பாட்டுச் சான்று மேசையில் தூங்கியதால் ஏழு மாதம் பணமில்லாமல் இருந்தாள். இன்றும் நினைத்தால் கோபம் வருகிறது.

கணக்குப் பிரிவை நம்பிக் காத்திருக்க வேண்டாம், பாதி வேலையை நீங்களே முடித்துக் கொடுங்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இன்படி இந்தச் சான்றுக்குப் படிவம் 12-ஏ. கருவி போன்ற மூலதனச் செலவுக்குத் தனியாக, தொடர் செலவுக்குத் தனியாக, மார்ச் 31 வரைக்கும் போட வேண்டும். செலவு அறிக்கையையும் பில் நகல்களையும் தலைப்பு வாரியாக அடுக்கி, படிவத்தை நீங்களே நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் அனுப்புங்கள். கணக்கில் வட்டி சேர்ந்திருந்தால் அதை மத்திய அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் தளம் வழியாகத் திருப்பிச் செலுத்திய ரசீதையும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்காக ஒரு முறை திரும்பி வரும். அப்படியும் நகரவில்லை என்றால், உங்கள் மாணவருக்கு எத்தனை மாதம் உதவித்தொகை நின்றிருக்கிறது என்பதை முதல் வரியில் எழுதி, பதிவாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.