பெயர் தெரியாத மூச்சிரைப்பு: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வயது 44, ஊர் அம்பாசமுத்திரம். நெல்லை டவுனில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 18,500 ரூபாய். எட்டு மாதமாக மாடிப்படி ஏறினாலே இரைக்கிறது. எக்ஸ்ரே, இ.சி.ஜி., எக்கோ எல்லாம் நார்மல். இதுவரை 42,000 செலவு. அதில் 30,000 ரெண்டு வட்டிக்கு நகையை வைத்து வாங்கியது. இன்னும் கொஞ்சம் நகையை வைத்து, சென்னையில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு, 10 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடும் எடுக்கலாமா? "நோய் என்னன்னே தெரியலையே, ஃபாரத்துல எழுத வேண்டாம்" என்கிறார் ஏஜென்ட்.

பதில்: நகையைத் தொடாதீர்கள். முதலில் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதம் 139 ரூபாய் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா? 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள். முதலாளி பங்கு 3.25. பிடித்தம் இருந்தால், நீங்கள் தேடும் காப்பீடு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. திருநெல்வேலியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. பரிசோதனை, மருந்து, மேல்சிகிச்சைக்கான பரிந்துரை எல்லாம் அங்கேயே தொடங்கும். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, உரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் கிடைக்கும். அதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்றே வழி. பிடித்தம் இல்லையென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை இருக்கிறது.

எங்கே போனாலும் எக்ஸ்ரேயை மறுபடி எடுக்க விடாதீர்கள். பழைய சீட்டுகளைத் தேதி வரிசையில் கோத்து எடுத்துப் போங்கள். ஆஸ்துமா உள்ளவருக்கும் எக்ஸ்ரே நார்மலாக வரலாம். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி (மருந்துக்கு முன்னும் பின்னும்), ரத்தசோகை, தைராய்டு, ஆறு நிமிட நடைச் சோதனை ஆகியவை பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். முழு உடல் பேக்கேஜ்களில் பெரும்பாலும் சர்க்கரையும் கொழுப்பும்தான் திரும்பத் திரும்ப வரும். நெஞ்சு வலி, உதடு நீலம், சும்மா இருக்கும்போதே இரைப்பு என்றால் செலவுக் கணக்கெல்லாம் அப்புறம், 108-ஐ அழையுங்கள்.

ஏஜென்ட் சொன்னதுதான் பெரிய ஆபத்து. நோய்க்குப் பெயர் இல்லாவிட்டாலும், பாலிசிக்கு முந்தைய 36 மாதங்களில் ஒரு தொல்லைக்காக மருத்துவரைப் பார்த்திருந்தாலே அது 'முன்பே இருந்த நோய்' கணக்கில் சேரும். அதை மறைத்தது பின்னால் தெரிந்தால் கிளெய்ம் மட்டுமல்ல, பாலிசியே போகலாம். எழுதிக் கொடுத்தாலும் அந்த நோய்க்கு 36 மாதம் வரை பணம் கிடைக்காத காத்திருப்பு உண்டு. வெறும் பரிசோதனைக்காகப் படுக்கையில் சேர்ந்தால் பொதுவாக எந்த பாலிசியும் பணம் தராது. ஆக, இப்போதைய செலவில் ஒரு ரூபாயைக்கூட அந்தப் பத்து லட்சம் குறைக்காது.

அடகில் இருக்கும் 30,000-க்கு ரெண்டு வட்டி என்றால் மாதம் 600, ஆண்டுக்கு 7,200. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பத்து சதவீதம் என்றே வைத்தாலும் 3,000தான். இந்த மாதமே மாற்றுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு சின்ன பாலிசி, மூன்று லட்சத்துக்குப் போதும், எடுத்து வைக்கலாம். மூச்சிரைப்பை மறைக்காமல் எழுதியே. நிறுவனம் பிரீமியத்தைக் கூட்டலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனாலும் கேட்டுப் பாருங்கள். சம்பளம் 21,000-ஐத் தாண்டினால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடியும் மார்ச் அல்லது செப்டம்பரோடு இ.எஸ்.ஐ. பிடித்தம் நின்றுவிடும், சில மாதங்களில் அதன் பலன்களும் முடியும். பாலிசியின் அந்த 36 மாதக் காத்திருப்புக் கணக்கு அதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருப்பது நல்லது.