கொர்னெலி ஃபால்கோன் பத்தி கேட்டீங்க, சொல்றேன்

கேள்வி: ஃபால்கோன்னு ஒரு குரல் வகையே இருக்காமே, அது யாரோட பேரு?

கொர்னெலி ஃபால்கோன்னு 1814ல பிறந்த பிரெஞ்சுப் பாடகியோட பேருதாங்க. சொப்ரானோதான், அதாவது பெண் குரல்லயே உச்சமா இருக்குற வகை, ஆனா கீழ ஸ்தாயில மெஸ்ஸோ, அதாவது அதுக்கு அடுத்த தாழ்ந்த பெண் குரல் மாதிரி கனமா இருக்கும், அந்த மாதிரி குரலுக்கு இன்னிக்கும் அவங்க பேரத்தான் சொல்றோம். இத்தனைக்கும் பாரிஸ் ஓபெரால, அதாவது பாட்டாலயே நடக்குற நாடகங்களுக்கான அரங்குல, அவங்க பாடினது ஆறு வருஷம்கூட முழுசா இல்ல.

கேள்வி: எந்த ரோல்ல பேர் வாங்குனாங்க?

முதல் மேடை 1832 ஜூலை 20, வயசு 18, இசையமைப்பாளர் மேயர்பேரோட ‘ரொபேர் ல தியாபிள்’ல ஆலிஸ். கூடப் பாடின டெனர், அதாவது உயர்ந்த ஆண் குரல் பாடகர், அடோல்ஃப் நூரி, அவங்களுக்கு வாத்தியாரும் அவர்தான். 1835ல அலேவியோட ‘லா ஜுயிவ்’ல ராஷெல், அடுத்த வருஷம் ‘லே யூகனோ’ல வாலந்தின், ரெண்டையும் முதல்ல பாடினது இவங்கதான். ‘யூகனோ’ நாலாவது அங்கம் தவற விடாதீங்க, வெளிய யூகனோக்கள, அதாவது பிரெஞ்சு ப்ராட்டஸ்டன்ட்டுகள, படுகொலை பண்ண ஆளுங்க தயாரா இருக்காங்க, காதலன் தன் ஆளுங்கள எச்சரிக்க ஓடப் பாக்குறான், வாலந்தின் அவனப் போகவிடாம தடுத்து, அந்த நேரத்துலதான் உன்னக் காதலிக்கிறேன்னு வாய் தவறி சொல்லிடுறா.

கேள்வி: குரல் மேடையிலயே போயிடுச்சாமே?

ஆமா, 1837 மார்ச், நீடர்மையரோட ‘ஸ்ட்ரடெல்லா’. நூரி நாளைக்குக் கிளம்பலாமான்னு கேக்கணும், இவங்க நான் தயார்னு பாடணும், அவ்ளோதான். வாயத் திறந்தாங்க, குரல் வரல, மயங்கி விழுந்துட்டாங்க. அப்ப வயசு 23. இத எத்தன தடவ படிச்சாலும் மனசு கனக்குது.

கேள்வி: காரணம் என்ன?

ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. என் கணிப்பு, இயல்பா கீழ நிக்கிற குரல மேல மேல இழுத்து, பெரிய ஆர்கெஸ்ட்ராவ தாண்டிக் கேக்கணும்னு பாட வச்சாங்க, அதுவும் பதினெட்டு வயசுலேர்ந்து, ஓய்வே இல்லாம.

கேள்வி: திரும்ப வந்தாங்களா?

1838ல விலகி, வைத்தியத்துக்கு இத்தாலி வரைக்கும் போனாங்க. 1840 மார்ச் 14 அன்னிக்கு ஓபெரால மறுபடி நின்னாங்க, குரல் ஒத்துழைக்கல. அப்புறம் கல்யாணம், குடும்பம், 1897 வரைக்கும் பாரிஸ்ல இருந்தாங்க.

கேள்வி: அவங்க ரெக்கார்டிங் ஏதாவது?

இல்லங்க. ‘லா ஜுயிவ்’ ரெண்டாவது அங்கத்துல ‘இல் வா வெனிர்’, அவன் வரப்போறான்னு ராஷெல் பயந்துகிட்டே காத்திருக்குற பாட்டு, அத யார் பாடினதா இருந்தாலும் கேளுங்க. ஹார்ன்ங்கிற ஊதுகருவி ரெண்டும் மெதுவா ஆரம்பிக்கும், அப்புறம் குரல் கீழேர்ந்து நடுங்கி எழும்பும்.