ஃபீனிக்ஸ் விளக்குகள்: அத்தனை பேரும் பொய் சொல்வார்களா?

கேள்வி: 1997இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இரவில் பறக்கும் தட்டைப் பார்த்தார்களாமே, உண்மையா? இத்தனை பேர் சேர்ந்து பொய் சொல்ல முடியுமா?

யாரும் பொய் சொல்லவில்லை. வானத்தில் விளக்குகள் இருந்தன, பார்த்தார்கள், சிலர் வீடியோவும் எடுத்தார்கள். சிக்கல் என்னவென்றால், அன்று நடந்தது ஒரு சம்பவம் அல்ல, இரண்டு. யூடியூபில் இதைப் பற்றி வருகிற வீடியோக்களில் பாதி இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. அதனால்தான் யார் என்ன விளக்கம் சொன்னாலும் ஒரு பாதி இடிக்கிறது.

தேதி மார்ச் 13. ஹேல்-பாப் வால்நட்சத்திரம் வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்த காலம். ஆகவே வழக்கத்தைவிட அதிகம் பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை யாரும் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் சம்பவம் இரவு எட்டு, எட்டரை மணி வாக்கில். சில விளக்குகள் V வடிவத்தில் வடமேற்கிலிருந்து வந்து, பிரெஸ்காட், ஃபீனிக்ஸ் நகரங்களுக்கு மேலாகக் கடந்து தென்கிழக்கே டூசான் பக்கம் போயின. சத்தமே இல்லை, மெதுவாக ஊர்ந்தது, தலைக்கு மேலேயே போனது, ஒரு ராட்சத முக்கோணம், நட்சத்திரங்களையே மறைத்தது என்று பலர் சொன்னார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடலாம். பிரெஸ்காட்டில் பார்த்தவர்கள் சொன்ன நேரத்துக்கும் டூசான் பக்கம் பார்த்தவர்கள் சொன்ன நேரத்துக்கும் இடைவெளி ஏறக்குறைய அரைமணி நேரம். நேர்கோட்டில் தூரம் சுமார் 300 கிலோமீட்டர். அப்படியானால் வேகம் மணிக்கு 600 கிலோமீட்டர்! ஊர்ந்து போன ஒன்றுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அதே வேகத்தில் பல ஆயிரம் அடி உயரத்தில் போகிற ஜெட் விமானம் கீழே நிற்பவருக்கு மெதுவாகத்தான் தெரியும், சத்தமும் அனேகமாகக் கேட்காது. இரவில் ஒரு விளக்கைப் பார்த்து அது எவ்வளவு உயரம், எவ்வளவு பெரிசு என்று சொல்ல நம் கண்ணால் முடியாது. ஒன்று தெரிந்தால்தான் மற்றதைச் சொல்ல முடியும். தாழப் பறக்கிறது என்று முதலில் மனம் முடிவுகட்டிவிட்டால், மெதுவாகவும் பிரம்மாண்டமாகவும் இருந்தே ஆக வேண்டும்.

அந்த முக்கோண உடம்பும் அப்படித்தான். இருட்டில் வரிசையாக நாலைந்து வெளிச்சம் நகர்ந்தால் நடுவில் உள்ள வெற்றிடத்தைக் கண் தானாக நிரப்பிக்கொள்ளும். எட்டரை மணி விளக்குகளின் வீடியோ ஒன்று இருக்கிறது. அதில் விளக்குகளுக்கு இடையே உள்ள தூரம் கூடிக் குறைகிறது. ஒரே பறக்கும் கப்பலில் பொருத்திய விளக்குகள் அப்படி நகராது. ஸ்காட்ஸ்டேல் பகுதியில் ஒரு இளைஞர் தன் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அவை தனித்தனி விமானங்கள் என்றே சொன்னார். அன்று பெரிதாக யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

சரி, இரண்டாவது சம்பவம். இரவு பத்து மணி. தென்மேற்கு வானத்தில் வரிசையாக விளக்குகள் தோன்றி, அந்தரத்தில் நின்று, ஒவ்வொன்றாக அணைந்தன. டிவியில் திரும்பத் திரும்ப வருகிற வீடியோ இதுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேரிலாந்து தேசியக் காவல் படையின் ஏ-10 விமானங்கள் பாரி கோல்ட்வாட்டர் பயிற்சித் திடலின் மேல் போட்ட ஒளிக்குண்டுகள் அவை. பாராசூட்டில் தொங்கியபடி சில நிமிடம் எரியும், மிக மெதுவாக இறங்கும். திடலுக்கும் நகருக்கும் நடுவே எஸ்ட்ரெல்லா மலைத்தொடர் இருக்கிறது. பகலில் எடுத்த படத்தை அந்த வீடியோவின் மேல் பொருத்திப் பார்த்தால், விளக்குகள் மலை விளிம்புக்குப் பின்னால் போகிற இடத்தில்தான் மறைகின்றன.

இதை அதிகாரிகள் மறுநாளே சொல்லியிருந்தால் கதை இவ்வளவு வளர்ந்திருக்காது. விளக்கம் வர மாதக்கணக்கில் ஆனது. அதற்குள் ஃபீனிக்ஸ் இருக்கிற அரிசோனா மாநிலத்தின் ஆளுநர் ஃபைஃப் சைமிங்டன் வேறு ஜூன் மாதம் பத்திரிகையாளர்களைக் கூட்டி, வேற்றுகிரகவாசி வேஷம் போட்ட தன் உதவியாளரை மேடையேற்றிக் கிண்டல் செய்தார். பயந்துபோய்க் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அதே மனிதர் பத்து வருஷம் கழித்து, 2007இல், நானும் அன்று அதைப் பார்த்தேன், அது மனிதர்கள் செய்த பொருளாகத் தெரியவில்லை என்று சொன்னார். "ஆளுநரே சொல்லிவிட்டார்" என்று இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கோ, அன்றே சொல்லாமல் பத்து வருஷம் கழித்து வருகிற சாட்சியத்தைவிட விளக்குகளின் இடைவெளி கூடிக் குறைவதைக் காட்டும் அந்த எட்டரை மணி வீடியோ மேல் நம்பிக்கை அதிகம்.

எட்டரை மணி விளக்குகள் எந்தப் படைப்பிரிவின் விமானங்கள் என்று இன்றுவரை பத்து மணிக்குக் கிடைத்தது போன்ற உறுதியான பதில் கிடையாது. அந்தப் பாதியை அடையாளம் தெரியாதவை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். பத்து மணி வீடியோவை அதற்கு ஆதாரமாகக் காட்டினால்தான் வருவேன்.